‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகு நெட்வொர்க்குக்குள் என்ன நடக்கிறது?

என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: மொபைல் நிறுவனத்தின் ஆப்பில் "என் தரவைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தலாம்" என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அணைத்துவிட்டேன். அது சும்மா ஒப்புக்கு வைத்த பொத்தானா, இல்லை உள்ளே போய் உண்மையிலேயே எதையாவது நிறுத்துகிறதா?

நான் பல வருடங்களாகக் கோர் நெட்வொர்க் (டவர்களுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் மையப் பகுதி) பக்கம் வேலை பார்ப்பவன். நேராகச் சொல்கிறேன். நிறுத்த முடியும், அதற்கான வழி 5ஜி தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் ‘வேண்டாம்’ ஓரிடத்தில் பதிவானால் மட்டும் போதாது. உங்கள் தரவின் நகல் எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் அதுவும் பின்னாலேயே ஓட வேண்டும். தகராறு முழுக்க அந்த ஓட்டத்தில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் போன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்பை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அதே மாதிரி யாருக்கு எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்ற அழைப்புப் பதிவு. இந்தியாவில் அதைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையையே திருத்தினார்கள். எந்தப் பொத்தானை அணைத்தாலும் இவை நிற்காது. சம்மதம் என்ற பேச்சு வருவது இதே தரவை இரண்டாவது வேலைக்கு எடுக்கும்போது: நாளை மாலை எந்த டவரில் நெரிசல் வரும், இந்த வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குத் தாவப் போகிறாரா, இந்தக் கடைவீதிக்கு வருகிறவர்கள் எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்கிற மாதிரியான வேலைகள். இன்னொன்று, 1909-க்கு அனுப்பிப் போட்டு வைக்கும் டி.என்.டி. இதிலிருந்து முற்றிலும் வேறு. அது விளம்பர அழைப்பையும் குறுஞ்செய்தியையும் தடுப்பதற்கு மட்டும்தான். டி.என்.டி. போட்டுவிட்டேன், இனி என்னை யாரும் அலச மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கே இருக்கிறார்கள்.

சரி, உள்ளே போவோம். 5ஜி கோரில் பகுப்பாய்வுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நெட்வொர்க் டேட்டா அனலிட்டிக்ஸ் ஃபங்ஷன் என்று முழுப்பெயர், என்.டபிள்யூ.டி.ஏ.எஃப். என்று எழுதுவோம். மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு அவற்றை ‘ரிலீஸ்’ என்ற பதிப்புகளாக வெளியிடும்; அதன் ரிலீஸ் 15-இல் பெயரளவுக்கு எட்டிப் பார்த்து, ரிலீஸ் 16-இல் உருவம் பெற்றது. போன்களின் இருப்பிடத்தையும் நடமாட்டத்தையும் கவனிக்கும் ஏ.எம்.எஃப்., இணைய இணைப்புகளை நடத்தும் எஸ்.எம்.எஃப். மாதிரியான பகுதிகளிடம் "இந்தச் சந்தாதாரர் பற்றி ஏதாவது நடந்தால் சொல்லு" என்று பதிந்து வைத்துக்கொண்டு, வருகிறதை எல்லாம் சேர்த்துக் கணிப்பாக மாற்றித் தரும். ஊரில் யார் எப்போது எந்தத் தெருவில் போனார் என்று எல்லாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளும் திண்ணைப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெரியவருக்குக் கடிவாளம் வந்தது ரிலீஸ் 17-இல். யூ.டி.எம். என்று ஒன்று இருக்கிறது, சந்தாதாரர் விவரங்கள் எல்லாம் இருக்கும் மூலப் பதிவேடு. உங்களுக்கு என்ன பிளான், ரோமிங் உண்டா இல்லையா என்பதெல்லாம் இருக்கிற அதே இடத்தில், பயனர் சம்மதம் என்று இன்னொரு வகைத் தரவையும் சேர்த்தார்கள். அதில் எந்த நோக்கத்துக்கு, சம்மதம் உண்டா இல்லையா என்று இருக்கும். நோக்கம் என்பது இங்கே முக்கியம். பகுப்பாய்வு ஒரு நோக்கம், இயந்திரக் கற்றல் மாடலுக்குப் பயிற்சி கொடுப்பது தனி நோக்கம். முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்ல அந்தப் பதிவேட்டில் இடம் இருக்கிறது. நான் பார்த்த ஆப்களில் அப்படிப் பிரித்துச் சொல்ல இடம் கொடுத்தவை மிகக் குறைவு.

நடப்பது இப்படி. ஒருவருடைய நடமாட்டத்தைக் கணிக்கச் சொல்லி என்.டபிள்யூ.டி.ஏ.எஃப்.-க்கு வேலை வருகிறது. தரவைத் தொடுவதற்கு முன்னால் அது யூ.டி.எம்.-இடம் கேட்க வேண்டும்: இந்தச் சந்தாதாரர், இந்த நோக்கம், சம்மதம் உண்டா? இல்லை என்று வந்தால் அந்த ஆள் பற்றிய வேலை அங்கேயே நின்றுவிடும். உண்டு என்று வந்தால் தரவு திரட்டத் தொடங்கும். கூடவே இன்னொன்றும் செய்யும்: "இவருடைய சம்மதம் மாறினால் எனக்குச் சொல்லு" என்று யூ.டி.எம்.-இலேயே பதிந்து வைக்கும். ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் பதிவேடு மூச்சுத் திணறும். கேட்காமலே விட்டால் பழைய ‘சரி’யைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அதற்கு நடுவில் கண்ட வழி இது. நீங்கள் ஆப்பில் பொத்தானை அணைத்ததும், அது ஒழுங்காக யூ.டி.எம். வரை போய்ச் சேர்ந்திருந்தால், யூ.டி.எம். உடனே அறிவிப்பு அனுப்பும். என்.டபிள்யூ.டி.ஏ.எஃப். தான் எங்கெங்கே தகவல் கேட்டு வைத்ததோ அதையெல்லாம் ரத்து செய்ய வேண்டும்.

காகிதத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். இப்போது ஒரு சோதனைக்கூடத்தில் நானே பார்த்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 10 சோதனை சிம்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். மூன்றுக்குச் சம்மதத்தை ரத்து செய்தோம். லாகைத் திறந்து பார்த்தால் அறிவிப்பு போயிருக்கிறது, என்.டபிள்யூ.டி.ஏ.எஃப். ஏ.எம்.எஃப்.-இலிருந்து விலகியும் இருக்கிறது. எல்லாம் பச்சை. சோதனை வெற்றி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். மறுநாள் காலை வந்த தினசரி அறிக்கையில் மொத்த எண்ணிக்கை 10 என்றே இருந்தது. 7 அல்லவா இருக்க வேண்டும்! தேடிப் பார்த்தால், நேரடித் தரவு நின்றுவிட்டது. ஆனால் அந்த மூன்று சிம்களின் பழைய தரவு சேமிப்புக் கிடங்கில் அப்படியே கிடந்தது. இரவில் ஓடும் அறிக்கை நிரல் கிடங்கிலிருந்துதான் எடுக்கிறது. அந்த நிரலுக்கு யூ.டி.எம். என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதை எழுதியது வேறு குழு, தரநிலை பக்கமே வராதவர்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை, யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. குழாயை அடைத்துவிட்டுத் தொட்டியை மறந்தோம்.

இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் அறிவில் பாதி அந்த ஒரு காலையில் வந்தது. அதற்கப்புறம் யார் சம்மத ஏற்பாடு பற்றிப் பேச வந்தாலும் படம் வரையச் சொல்வேன்: தரவு எங்கே பிறக்கிறது, எங்கெல்லாம் நகலாகிறது, ஒவ்வொரு நகலுக்கும் ‘வேண்டாம்’ எந்த வழியாக வந்து சேர்கிறது. அம்புக்குறி வராத ஒரு பெட்டி நிச்சயம் மாட்டும்.

தனி ஆளைப் பற்றிய பகுப்பாய்வு ஒரு பக்கம். "இந்தப் பகுதியில் இருக்கும் எல்லாருடைய" எண்ணிக்கை என்று கேட்கும்போது விஷயம் இன்னும் சிக்கல். திருவிழா நாளில் ஒரு டவர்ப் பகுதிக்குள் ஆயிரக்கணக்கான போன்கள் வந்து போகும். ஒவ்வொன்றுக்கும் சம்மதம் பார்த்து, இல்லாதவர்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். "பெயரை எடுத்துவிட்டுத்தானே எண்ணுகிறோம், அப்புறம் எதற்குச் சம்மதம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பெயரை எடுப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் இருப்பிடத் தரவை, பெயர் இல்லாமல், அலசினார்கள். இருப்பிடம் டவர் அளவுக்குத்தான் துல்லியம், நேரம் மணிக்கணக்கில். அப்படியிருந்தும் ஓர் ஆளைத் தனித்துப் பிரிக்க நாலே நாலு புள்ளிகள் போதும் என்று வந்தது, 95 சதவீதம் பேருக்கு. வீடு, அலுவலகம், வாராவாரம் போகும் கோயில், மாதம் ஒருமுறை போகும் மாமியார் வீடு. பெயர் எதற்கு?

எனவே என் கணக்கு இது: எண்ணிக்கை மட்டும் வெளியே போகிறது, சிறிய எண்ணிக்கைகளை மறைத்துவிடுகிறார்கள் என்றால் கவலை குறைவு. ஒரே ஆளின் நாள் முழுவதுமான தடம் ஒரு புனைபெயர் எண்ணின் கீழ் தொடர்ந்து கிடக்கிறது என்றால், அதைப் பெயர் நீக்கியது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதற்குச் சம்மதம் வேண்டும்.

சம்மதம் பார்க்கும் பழக்கம் 5ஜியில் வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. 4ஜி காலத்திலேயே, ரிலீஸ் 10-இல், எம்.டி.டி. என்று ஒன்று வந்தது. சிக்னலை அளக்கக் கருவியோடு கார் ஓட்டித் திரிவதைக் குறைக்க, வாடிக்கையாளர்களின் போனையே அளக்கச் சொல்லி வாங்குவது. போன் தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் அங்கேயே சம்மதம் வந்துவிட்டது. ஒரு வட்டாரம் முழுக்க அளக்கச் சொன்னால், போன் இணையும்போதே "இவரிடம் அளக்கலாம்" என்ற குறியைக் கோர் நெட்வொர்க் டவருக்குச் சொல்லிவிடும். குறி இருப்பவர்களில்தான் டவர் ஆள் பொறுக்கும். போன் அடுத்த டவருக்கு மாறும்போது குறியும் கூடவே போகும்.

இதுவரை சொன்னது எல்லாம் பதிவேட்டுக்கு உள்பக்கம். பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதியது யார்? 3ஜிபிபி இதைத் தொடுவதே இல்லை. சம்மதத்தை எப்படி வாங்குவது என்பது நிறுவனத்தின் பாடு, அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு என்று வாசலிலேயே நின்றுவிடுகிறது. அந்த வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது தெரியுமா? சிம் கடை.

போன வருடம் என் அத்தைக்குப் புது சிம் வாங்கப் போனேன். கடைப் பையன் ஆதார் எண்ணைத் தட்டினான், விரலை வைக்கச் சொன்னான், போனைத் திருப்பி ஒரு போட்டோ எடுத்தான். அடுத்த திரையில் நான்கைந்து கட்டங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அத்தை கண்ணாடியைத் தேடுவதற்குள் டக் டக்கென்று எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டான். "அது என்னப்பா?" என்றார் அத்தை. "ஒண்ணும் இல்லம்மா, அதைப் போட்டாத்தான் ஆக்டிவேட் ஆகும்." அதில் எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நானோ இந்தத் தொழிலில் இருக்கிறவன், எனக்கே எட்டிப் பார்த்துப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த டிக்தான் உள்ளே போய்ச் சம்மதமாக உட்காரும். அதற்கப்புறம் நெட்வொர்க் எத்தனை ஒழுங்காகக் கேட்டாலும், கேட்பது கடைப் பையனின் சம்மதத்தை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பதிவேட்டில் சம்மதம் ஒட்டியிருப்பது சிம்மோடு, ஆளோடு அல்ல. நம் வீடுகளில் அப்பா பெயரில் நாலு சிம் இருக்கும்; ஒன்று அவரிடம், ஒன்று அம்மாவிடம், ஒன்று கல்லூரிக்குப் போகும் மகளிடம், ஒன்று பத்தாம் வகுப்புப் பையனிடம். மகளின் நடமாட்டத்தைப் பகுப்பாய்வு செய்ய ஆப்பில் சம்மதம் கொடுப்பவர் அப்பா. பையன் விஷயம் இன்னும் மோசம்: இந்தியாவின் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்தால், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பின்தொடர்வதும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது. நெட்வொர்க்குக்கு அந்த சிம் 48 வயதுக்காரருடையது. ஐரோப்பாவின் 2002 மின்தனியுரிமை ஆணை இதை அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கிறது. இருப்பிடத் தரவுக்குச் சம்மதம் தருபவர் என்று சொல்லும்போது ‘சந்தாதாரர் அல்லது பயனர்’ என்று இருவரையும் குறிப்பிடுகிறது. சம்மதம் கொடுத்தவரும்கூட ஒரு குறிப்பிட்ட இணைப்புக்கு மட்டும் தற்காலிகமாக, கட்டணம் இல்லாமல் மறுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த வசதி நம் ஆப்களில் வந்தால் நன்றாக இருக்கும்.

சம்மதத்தை போன் நம்பரோடு ஒட்டி வைத்திருக்கும் பழைய அமைப்புகள் இன்னும் ஒரு படி ஆபத்து. நம்பர் ரத்தானால் சில மாதம் கழித்து அது வேறொருவருக்குப் போய்விடும். முன்னவர் கொடுத்த ‘சரி’ புதியவர் தலையில். சிம்முக்குள் இருக்கும் நிரந்தர அடையாள எண்ணோடு ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

‘வேண்டாம்’ வழியில் தொலைந்துபோனதற்கு ஊரறிந்த உதாரணம் அமெரிக்காவில். வெரைசன் நிறுவனம் 2012-இலிருந்து தன் வாடிக்கையாளர்களின் இணையக் கோரிக்கைகளில் ஒரு தனி அடையாள எண்ணைத் தானாகச் செருகி அனுப்பியது, விளம்பரத்துக்காக. விருப்பமில்லை என்று சொன்னவர்களுக்கும் அந்த எண் போய்க்கொண்டே இருந்தது. நிறுவனம் தன் விளம்பரத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்காது, அவ்வளவுதான். எண் வெளியே தெரிகிறது என்பதால் ஒரு விளம்பர நிறுவனம், பயனர்கள் அழித்த குக்கீகளை (ஆளை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) அதைக் கொண்டே திரும்ப உயிர்ப்பித்தது. 2016 மார்ச்சில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 13.5 லட்சம் டாலர் அபராதத்தோடு, வெளியாருக்குக் கொடுக்க முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்று முடித்தது.

இரண்டாவது இன்னும் பெரியது. பெரிய அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் நான்கு, வாடிக்கையாளர்களின் இருப்பிடத்தை இடைத்தரகர்களுக்கு விற்றன. அவர்கள் வேறு பலருக்கு விற்றார்கள். சம்மதம் வாங்கும் பொறுப்பையும் கூடவே ஒப்பந்தத்தில் கைமாற்றிவிட்டார்கள். மிசௌரி மாநிலத்தில் ஒரு ஷெரிஃப் (மாவட்டக் காவல் அதிகாரி) இந்தச் சங்கிலியின் கடைசியில் இருந்த சேவை ஒன்றில், அனுமதி ஆவணம் பதிவேற்றச் சொன்ன இடத்தில் தன் மருத்துவக் காப்பீட்டையும் கார் காப்பீட்டையும் ஏற்றி ஆட்களின் இருப்பிடத்தை எடுத்தார். யாரும் திறந்து பார்க்கவில்லை. 2018-இல் செய்தி வெளியானது. 2024 ஏப்ரலில் நான்கு நிறுவனங்களுக்குமாகச் சேர்த்துச் சுமார் 20 கோடி டாலர் அபராதம். அதை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் போக, மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னது தனிக்கதை.

வங்கிகளும் ஆப்களும் மொபைல் நெட்வொர்க்கிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் கமாரா என்ற திறந்த ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்கும் வழி) திட்டத்தில் இந்தப் பாடம் தெரிகிறது. "இந்த போன் இந்த இடத்தில்தான் இருக்கிறதா" என்று கேட்கும்போதே எந்த நோக்கத்துக்கு என்பதும் கோரிக்கையோடு வர வேண்டும். சம்மதம் தேவைப்பட்டால் அதைக் கேட்பது மொபைல் நிறுவனம். நடுவில் இருப்பவர் "நான் வாங்கிவிட்டேன்" என்று சொல்வதை நம்பி ஓட்டுவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். சம்மதம் தொடர்பான பெரும்பாலான கடமைகள் விதிகள் வந்து 18 மாதத்தில், அதாவது 2027 மே மாதவாக்கில் நடைமுறைக்கு வரும். என் அத்தை கதைக்கு அதில் நேரடி மருந்து இருக்கிறது: சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலோ படிக்க வழி வேண்டும், தமிழும் அதில் உண்டு. சேவைக்குத் தேவையில்லாததைச் சம்மதத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கொடுக்க எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறவும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒரு டிக்கில் வாங்கிவிட்டு, ரத்து செய்ய மட்டும் வாடிக்கையாளர் சேவை எண்ணில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைக்க முடியாது. திரும்பப் பெற்றால் நிறுவனம் மட்டுமல்ல, அதன் சார்பில் தரவைக் கையாளும் வெளி நிறுவனங்களையும் நிறுத்த வைக்க வேண்டும். வழக்கென்று வந்தால், சம்மதம் ஒழுங்காக வாங்கினோம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்பப் பெறுவதற்கு முன்னால் நடந்த பகுப்பாய்வு செல்லும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் தரவைத் தின்று வளர்ந்த மாடல் அதைக் கக்காது. அடுத்த பயிற்சியில் உங்களை விட்டுவிட்டுப் பழக்கலாம், அவ்வளவே.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: பொத்தானை அணைத்த தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆப்பைப் புதுப்பித்த பிறகும் பிளானை மாற்றிய பிறகும் அது இன்னும் அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள். சிம் மாற்றினாலோ இ-சிம்முக்குப் போனாலோ அடையாள எண்ணே மாறக்கூடும் என்பதால் மறக்காமல் பாருங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு முகவரிக்கு எழுதுவதானால் "என் தரவைப் பயன்படுத்துகிறீர்களா" என்று கேட்காதீர்கள், அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "என் எண்ணுக்குப் பகுப்பாய்வுக்கான சம்மதம் எந்தத் தேதியில், எந்த வழியாகப் பதிவானது? மாடல் பயிற்சிக்கு அது தனியாகப் பதிவாகியிருக்கிறதா? நான் ரத்து செய்த தேதிக்குப் பிறகு என் தரவு எந்த வெளி நிறுவனத்திடம் இருக்கிறது?" யாருடனெல்லாம் பகிர்ந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, அதுவும் 2027 மே மாதவாக்கில்தான் நடைமுறைக்கு வரும். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேட அவர்கள் உள்ளே நாலு குழுக்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். எங்கள் சோதனைக்கூடத்தில் மூன்று சிம்கள் கிடங்கில் கிடந்ததே, அது அப்படி ஒரு கேள்வியில்தான் வெளியே வரும்.